நடமாடும் வீட்டின் நாற்றம்

என் மூக்குதான் எனக்குச் சோறு போடுகிறது. சென்னையில் சினிமாப் படப்பிடிப்புகளுக்குப் போகும் கேரவன்களை உள்ளே சுத்தம் செய்து பராமரிப்பது என் தொழில். கட்டில், சமையல் மேடை, குளியலறை, கழிப்பறை எல்லாம் ஒரே வண்டிக்குள் அடக்கம். கதவைத் திறந்ததுமே நாற்றம் மெத்தையிலிருந்து வருகிறதா, குளிர்பதனப் பெட்டியிலிருந்து வருகிறதா, கழிவுத் தொட்டியிலிருந்து வருகிறதா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஐம்பது வயதில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான்.

பூந்தமல்லியில் கேரவன் கட்டும் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர்தான் என்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். மானிப்பாயில் ஒருவர் பழைய பேருந்து ஒன்றை வாங்கி, நண்பரின் ஆட்களை வரவழைத்து, அதை நடமாடும் வீடாக மாற்றியிருந்தார். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கோயில் திருவிழாவுக்கு வரும் குடும்பங்கள் அதை வாடகைக்கு எடுத்துக் குடாநாட்டைச் சுற்றிவரும். இப்போது வண்டி நாறுகிறது, சென்னைக்காரன் வேலை மோசம் என்று அவர் தொலைபேசியில் கத்தியிருக்கிறார்.

"நீ போய் மோந்து பாரு. தப்பு நம்மளதுன்னா சரி பண்ணிக் குடு. அவரதுன்னா சொல்லிக் குடு" என்றார் நண்பர்.

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை விடுங்கள். இறங்கியதிலிருந்து சொல்கிறேன்.

விமான நிலையத்துக்கு அந்த வண்டியையே கொண்டுவந்திருந்தார் உரிமையாளர். ஊரில் எல்லோருக்கும் அவர் சிறீ அண்ணை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. வண்டியின் பக்கவாட்டில் ஒரு பனைமரத்தை வரைந்து, அதன் கீழே 'நடமாடும் வீடு' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். கதவைத் திறந்தவர், என்னை ஏறவிடாமல் கையால் மறித்துவிட்டு, ஒரு டப்பாவை உள்ளே நீட்டிப் புஸ் புஸ் என்று அடித்தார். மல்லிகை.

"இப்ப மணக்காது மிஸ். ஏறுங்கோ."

இந்த ஊரில் மணப்பது என்றால் நாறுவது. மல்லிகைக்குப் பின்னால் மற்ற நாற்றங்கள் வரிசையில் நின்றன. பூஞ்சை. நனைந்து காயாத கம்பளம். அவற்றுக்கும் பின்னால், அடித்தொண்டையைப் பிடிக்கிற மாதிரி, கழிவு. என் கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது. நாற்றத்தின் மேல் வாசனை அடிக்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எதையும் சரிசெய்ய வேண்டாம். அடுத்தவன் மூக்கை ஏமாற்றினால் போதும்.

மானிப்பாயில் அவர் வீட்டு வளவில் வண்டி நின்றதும் உள்ளே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். தரை முழுக்கக் கம்பளம் ஒட்டியிருந்தது. கடற்கரைக்கும் கேணிக்கும் போய்விட்டு ஈரக்காலோடு பிள்ளைகள் ஏறும் வண்டிக்கு எவனாவது கம்பளம் ஒட்டுவானா? "வெளிநாட்டுச் சனம் விரும்பும் எண்டு நான்தான் ஒட்டுவிச்சனான்" என்றார் சிறீ. மெத்தையைத் தூக்கினேன். அடிப்பலகையில் கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சை. பலகையில் காற்றுப் போக ஓட்டையிட்டுத்தான் நண்பரின் ஆட்கள் பொருத்தியிருந்தார்கள். அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பை இறுக்கி ஆணி அடித்திருந்தார்கள். குளிர்பதனப் பெட்டியை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தியே வைத்திருந்ததில், கதவைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை பச்சை பூத்திருந்தது.

அப்போது வாளியும் துடைப்பானுமாக ஒரு பெண் படியோரம் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஒரு சிறிய சிலுவை. முகத்தில் அப்பியிருந்த பவுடர் வெயிலில் திட்டுத்திட்டாகக் கரைந்திருந்தது. வண்டியைத் துடைக்கிற றெஜினா.

"காரணம் எனக்குத் தெரியும் மிஸ்" என்றார் சிறீ. குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "உவ குருநகர். கடற்கரைச் சனம். மீனோடை பிறந்து மீனோடை வளந்ததுகள். முழுகிப்போட்டு வா எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

றெஜினா நிமிரவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் பிழிவதற்குத் தண்ணீர் இல்லை.

"சார், மீன் நாத்தம் எனக்குத் தெரியும். நான் காசிமேட்டுல பொறந்தவ. எங்கம்மா கூடை தூக்கி மீன் வித்தவங்க. இதுல மீனே இல்ல" என்றேன்.

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது. கண் மட்டும் என்னை ஒருமுறை மேலும் கீழும் அளந்தது.

அன்றிரவு நகரத்து விடுதியில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தார்கள். எங்கள் ஊரில் சேமியா மாதிரி உதிரும். இங்கே பூ மாதிரி இருந்தது. மஞ்சள் சொதியில் நனைந்ததும் கரைந்து போனது. நல்ல சாப்பாட்டைக் கோபத்தோடு சாப்பிடுவது பாவம் என்பார்கள். பாவம் செய்துகொண்டே இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

மறுநாள் காலையில் மானிப்பாய்க்குப் பேருந்து ஏறினேன். நடத்துநர் கத்திய வேகத்தில் எனக்கு எல்லா ஊரும் ஒன்றாகவே கேட்டது. கிளம்பிய பேருந்து வாழைத் தோட்டங்களையும் செம்மண்ணையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்க, பக்கத்தில் இருந்த பெரியவரிடம் மானிப்பாய் எப்போது வரும் என்று கேட்டேன்.

"மானிப்பாயோ? இது பருத்தித்துறை போற பஸ் எல்லோ. மானிப்பாய் மற்றப் பக்கம். இனிப் புத்தூர்ச் சந்தியிலை இறங்கித் திரும்புங்கோ."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னைத் தேற்றுவதற்கு அவர் கதை சொல்லத் தொடங்கினார். புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிணறாம். எவ்வளவு இறைத்தாலும் வற்றாதாம், அடியே இல்லையாம். "அதுக்குள்ளை ஒரு தேசிக்காயை, உங்கடை எலுமிச்சம்பழத்தை, போட்டால் கீரிமலைக் கேணியிலை வந்து மிதக்கும் எண்டு அந்தக் காலத்துச் சனம் சொல்லும். கீழை முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு. ஓட்டை ஓட்டையா இருக்கும். இஞ்சை ஆறு ஒண்டும் இல்லைப் பிள்ளை. எங்களுக்கு எல்லாம் நிலத்துக்குக் கீழைதான்."

சந்திக் கடையில் பிளேன்டீ குடித்தேன். பாலில்லாத தேநீருக்குச் சீனி போடாமல் பனங்கட்டித் துண்டொன்றைக் கையில் தந்தார்கள். கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். திரும்பும் பேருந்தில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தேன்.

அன்று முழுவதும் றெஜினாவும் நானும் வண்டியைக் காலி செய்தோம். கம்பளத்தைக் கிழித்து எடுத்தோம். அடியில் பலகை ஊறிப்போய் நகத்தால் கிள்ளினால் வந்தது. மெத்தைகளை வெயிலில் நிமிர்த்தி வைத்தோம். கடையில் போய்ச் சமையல் சோடா கேட்டால் கடைக்காரருக்குப் புரியவில்லை. "அப்பச்சோடா அக்கா" என்று றெஜினா எடுத்துக் கொடுத்தார். வினிகர் இங்கே வினாகிரி. வினாகிரியால் பூஞ்சையைத் துடைத்து, காயவிட்டு, மறுபடியும் துடைத்தோம். ரப்பர் பட்டையின் மடிப்புகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தோம். வண்டிக்கு உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, பிழிந்த துணியால்தான் துடைக்க வேண்டும் என்றேன்.

"அண்ணைதான் அக்கா நல்லா ஊத்திக் கழுவு, உன்ரை மணம் போகட்டும் எண்டவர்."

மத்தியானம் எனக்கு வீட்டுக்குள் இலை போட்டார்கள். றெஜினாவுக்கு இல்லை. நான் என் சோற்றைத் தட்டில் வாங்கிக்கொண்டு வண்டி நிழலுக்கு வந்துவிட்டேன். றெஜினா பாணும் சம்பலும் கொண்டுவந்திருந்தார். பாண் என்றால் ரொட்டி. மீன்காரர் வீட்டில் மீன் குழம்பு இல்லையா என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன்.

"என்ரை மனுசன் கடலுக்குப் போறவர். வீட்டிலை மீனுக்குக் குறைவில்லை அக்கா. ஆனால் இஞ்சை வேலைக்கு வந்த நாள் துவக்கம் நான் காலமையிலை மீன் தொடுறேல்லை. சவுக்காரம் போட்டு முழுகி, பவுடர் பூசித்தான் வாறனான். 'ஏனம்மா நீங்கள் எங்களோடை சாப்பிடுறியள் இல்லை' எண்டு மகள் கேக்கிறாள். நான் என்னெண்டு சொல்லுறது?"

அவர் அழாமல்தான் சொன்னார்.

அடுத்த நாள் உள்ளே பூஞ்சை வாடை அடங்கியிருந்தது. ஆனால் அந்த மூன்றாவது நாற்றம் அப்படியே இருந்தது. ஏணி வைத்துக் கூரையில் ஏறினேன். கழிவுத் தொட்டியின் வாயு வெளியேறுவதற்கு ஒரு குழாய் மேலே வரும். அந்தக் குழாயின் வாயில் பாலித்தீன் பையைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். மேலே போக வழியில்லாத வாயு கழிப்பறை வழியாக வண்டிக்குள் வந்துகொண்டிருந்தது.

"ஆர் கட்டினது?" என்று யாழ்ப்பாணத் தமிழிலேயே கத்தினேன். ஓட்டுநர் சுதன் கீழிருந்து அண்ணாந்து பார்த்தான். முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவன்.

"அண்ணைதான் கட்டச் சொன்னவர். கோயிலடியிலை நிப்பாட்டேக்கை வெளியிலை மணக்குது எண்டு சனம் பேசினது."

"தொட்டியை எங்க காலி பண்றீங்க?"

"அது… பாத்து விடுறது."

"எங்க பாத்து?"

சுதன் சக்கரத்தின் காற்றைப் பார்க்கப் போய்விட்டான். நான் விட்டிருக்கக்கூடாது. ஆனால் கூரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. கையில் அந்தப் பை வேறு.

மாலை வெயில் தாழ்வதற்குள் ஒருமுறை எல்லாச் சன்னல்களையும் திறந்து வண்டியை ஓட்டிக் காயவைக்க வேண்டும் என்றேன். காரைநகர்க் கடற்கரை வரை போய் வரலாம் என்றார் சிறீ. அவர் வரவில்லை. சுதன் ஓட்ட, நானும் றெஜினாவும் உள்ளே இருந்தோம். சண்டிலிப்பாயில் ரோட்டோரம் புகையிலை ஆள் மார்பளவுக்கு நின்றது. இடையிடையே வெங்காயப் பாத்திகள். எங்கள் பக்கத்தில் இவ்வளவு நேர்த்தியான பாத்தியை நான் பார்த்ததில்லை. வாரிவிட்ட தலை மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக் கொஞ்சம் மனம் லேசான நேரத்தில் சுதன் சடாரென்று பிரேக் போட்டான். நான் சமையல் மேடையில் போய் மோதினேன்.

ஒழுங்கை என்கிற சந்திலிருந்து வந்த உழவு இயந்திரம் ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. அதிலிருந்து இளைஞன் ஒருவன் குதித்தான். பின்னாலேயே ஒரு பெண், அறுபது வயதிருக்கும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கள் வண்டியைக் கை காட்டியபடி ஓடிவந்தார்.

"உந்த வான்தான்! இறக்கடா ரூபன் அவனை!"

அவர் பெயர் பாக்கியம், ரூபன் அவர் மகன் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அவருடைய கோபம் மட்டும்தான்.

"வாங்கோ, வந்து பாருங்கோ. நீங்களும் பெம்பிளைதானே" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ரோட்டோர வாய்க்கால் அவருடைய தோட்டத்து மூலையைத் தொட்டுக்கொண்டு போகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை கிணறு. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அடியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல் தெரிந்தது. அந்தக் கல்லின் பொந்துகளில் நீலம் படிந்திருந்தது.

"பின்னேரத்திலை இவை வந்து இதிலை நிப்பாட்டுறவை. காத்து வாங்க வருகினம் எண்டு நினைச்சம். பிறகு பாத்தால் நீலமா ஏதோ ஓடுது. இந்தத் தம்பியைக் கேட்டன். 'ஏசித் தண்ணி அம்மா, கெடுதல் இல்லை' எண்டான். கிணத்துத் தண்ணி மணக்கத் துவங்கிட்டுது. என்ரை மருமகள் பிள்ளைத்தாய்ச்சி. வயித்தாலை போய், சத்தி எடுத்து, ஆசுப்பத்திரியிலை கிடக்கிறாள்." பாக்கியம் என் முகத்துக்கு நேரே வந்தார். "நீங்கள் உந்த வானிலை வாற ஆள். சொல்லுங்கோ. ஏசித் தண்ணி நீலமா இருக்குமோ?"

கேரவன் கழிப்பறைத் தொட்டியில் கழிவு கரைவதற்கு ஒரு நீல மருந்து ஊற்றுவோம். என் கைகளில் அந்த நீலம் படியாத மாதம் கிடையாது. நான் திரும்பிப் பார்த்தேன். சுதன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். லேசாகத் தலையை ஆட்டினான், சொல்லாதே என்பது போல. தெரியாத நாடு. கடவுச்சீட்டும் கைப்பையும் வண்டிக்குள். சொன்னால் என்னை யார் விமான நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள் என்பதுகூட ஒரு கணம் மனதில் ஓடியது. இப்போதும் அதை நினைத்தால் எனக்கு என் மேல் எரிச்சல்தான்.

"இல்லம்மா" என்றேன். "இது கக்கூஸ் தொட்டியோட மருந்து. இந்த வண்டியோடதுதான்."

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. ரூபன் சுதனின் சட்டையைப் பிடித்தான். நான் நடுவில் விழுந்தேன். தோட்டங்களிலிருந்து ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். யாரோ கிராம சேவகருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். வண்டி அங்கேயே நின்றது. இத்தனை களேபரத்துக்கும் நடுவே எல்லோருக்கும் தாகம். பாக்கியம் வீட்டுக்குள் போய்க் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தார். எனக்கு வெள்ளி மாதிரி மின்னும் எவர்சில்வர் டம்ளர். றெஜினா பக்கம் திரும்பி, "நீங்கள் எவடம்?" என்றார்.

"குருநகர்."

பாக்கியம் உள்ளே திரும்பிப் போய் ஒரு பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். றெஜினா அதை வாங்கினார். பழகிய கை. கேள்வி கேட்காமல் நீண்டது.

நான் டம்ளரைப் பாக்கியத்தின் முன்னால் நீட்டினேன். "அம்மா, நானும் மீன் வித்த வீட்டுப் பொண்ணுதான். எனக்கும் அந்தக் குவளையிலயே குடுங்க."

பாக்கியம் டம்ளரை வாங்கவில்லை. முகம் மட்டும் கறுத்துப் போனது. கிணற்றைக் கெடுத்தவனை மறித்து நின்ற இந்தப் பெண்ணுக்காக என் இரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. அதே இரத்தம் இப்போது அவர் மேலேயும் கொதித்தது. இரண்டையும் ஒன்றாக எங்கே வைப்பது என்று தெரியாமல், ஒரு மடக்கும் குடிக்காமல், தண்ணீரை டம்ளரோடு மதிலில் வைத்தேன்.

மோட்டார் சைக்கிளில் சிறீ வந்து இறங்கினார். அதே வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு.

"என்னக்கா பிரச்சினை? ஊர் ஆக்களுக்குள்ளை ஏன் சண்டை? பேசித் தீர்ப்பம்" என்று பாக்கியத்திடம் போனார். வாய்க்காலைக் காட்டினார்கள். பார்த்தார். ஒரு நொடி யோசித்தார். பிறகு கை நீண்டது, றெஜினாவை நோக்கி.

"இவதான் கழுவுறவ. அறிவில்லாமல் எங்கையோ திறந்து விட்டிருக்கிறா. உந்தச் சனத்துக்குக் கிணறெண்டால் என்ன, தோட்டமெண்டால் என்ன தெரியும்? எல்லாத்தையும் கடலிலை கொட்டிப் பழகினதுகள்."

நான் வாயைத் திறப்பதற்குள் சுதன் பேசினான். கிழிந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி.

"அண்ணை, அவவுக்கு அந்த வால்வு எங்கை இருக்கெண்டே தெரியாது. உறிஞ்சுற பவுசர் பிடிக்கிறது வீண் செலவு, சண்டிலிப்பாய்ப் பக்கம் திறந்து விடு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"டேய்!"

"நான்தான் திறந்தனான். ஆனால் நீங்கள் சொல்லித்தான் திறந்தனான்."

அப்போது றெஜினா முன்னால் வந்தார். அவர் குரல் உயரவே இல்லை.

"மாசக்கணக்கா அண்ணை, என்னிலை மணக்குது எண்டு சொன்னியள். நானும் நம்பினனான். வீட்டிலை என்ரை உடுப்பை நானே எடுத்து எடுத்து மணந்து பாத்தனான். என்ரை பிள்ளையளோடை இருந்து சாப்பிடேல்லை. உங்கடை பீயைத் தூக்கி என்ரை தலையிலை வைச்சிட்டியள்."

கையிலிருந்த துணியைச் சிறீயின் காலடியில் போட்டார். பிறகு பாக்கியத்தின் பக்கம் திரும்பி, அந்தப் பிளாஸ்டிக் குவளையை, தண்ணீர் சிந்தாமல், மதிலில் என் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். ரோட்டில் ஏறி, வந்த பேருந்தை மறித்து ஏறிப் போய்விட்டார்.

கிராம சேவகரும் சுகாதாரப் பரிசோதகரும் வந்தார்கள். கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து எடுத்துப் போனார்கள். சொல்லும்வரை குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம் என்றார்கள். நான் பார்த்ததை எழுத்தில் தரச் சொன்னார்கள், தந்தேன். மருந்தின் பெயரையும் தந்தேன்.

நண்பரிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். "வேலையை முடிச்சுக் குடுத்துட்டு வா. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றார்.

வண்டி மானிப்பாய் திரும்பியதும் மிச்ச வேலையை நானும் சுதனும் செய்தோம். வேலையைத் தவிர வேறெதுவும் நான் அவனிடம் பேசவில்லை. அவனும் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, சொன்னதைச் செய்தான். பவுசர் என்கிற தொட்டி லாரியை அழைத்துக் கழிவுத் தொட்டியை முறையாக உறிஞ்சி எடுக்கவைத்தேன். கூரைக் குழாயைத் திறந்து வலை பொருத்தினேன். தொட்டிக்குள் அப்பச்சோடாக் கரைசலை விட்டு, வண்டியை ஓட்டிக் குலுக்கி, மறுபடியும் உறிஞ்சவைத்தேன். தரைக்குக் கம்பளத்துக்குப் பதில் துடைக்கக்கூடிய விரிப்பு. மெத்தைக்கடியில் காற்றோட்டம். கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்து, திறந்துவிடுகிற அந்த வால்வின் கைப்பிடியைக் கழற்றி, வாயில் பிசின் ஊற்றி இறுக அடைத்தேன். இனி மேலேயிருந்து குழாய் விட்டு உறிஞ்சினால்தான் உண்டு. ரோட்டில் திறந்துவிட முடியாது.

சிறீ அதைப் பார்த்துவிட்டார். அன்றுதான் அவர் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு இல்லை.

"ஆரைக் கேட்டு உந்த வால்வை அடைச்சனீங்கள்? என்ரை வான். நான் காசு குடுத்துச் செய்விச்சது. உங்களை எங்கடை தமிழ் ஆள் எண்டு நம்பித்தானே கூப்பிட்டனான்?"

"யாரையும் கேக்கல சார். நாத்தத்தைப் போக்கத்தானே கூப்பிட்டீங்க?"

"நீங்கள் இந்தியாக்காரி. ரெண்டு நாளிலை போயிடுவியள். உங்களுக்கு எங்கடை ஊரைப் பற்றி என்ன தெரியும்?"

"கீழ முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுன்னு தெரியும். பஸ்ல ஒரு தாத்தா சொன்னாரு. இந்த ஊர்ல பொறந்த உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையா?"

கை சோப்பு நுரையோடு இருந்தது. கழுவாமலே பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒழுங்கை முனைவரை அவர் கத்திக்கொண்டிருந்தது கேட்டது. எங்கள் ஊரில் கழிவு லாரிகள் ஏரியில் திறந்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த முதலாளிகளும் இப்படித்தான், கத்துவதற்கு மட்டும் மூச்சு வைத்திருப்பார்கள்.

கிளம்புவதற்கு முன் சண்டிலிப்பாய்க்குப் போனேன். ரூபன் மோட்டார் வைத்துக் கிணற்றை இறைத்துக்கொண்டிருந்தான். இறைத்த தண்ணீரை எங்கே விடுவது? அதே தோட்டத்தில்தான் ஓடியது. மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போயிற்று. மருமகள் வீடு திரும்பியிருந்தார். பாக்கியம் எனக்குத் தேநீர் தரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. என் தொலைபேசி எண்ணை மட்டும் கேட்டு, ஆணியில் மாட்டியிருந்த நாட்காட்டியில் எழுதிக்கொண்டார்.

றெஜினாவுக்கு நான் தங்கியிருந்த விடுதியிலேயே வேலை கிடைத்தது. விடுதி அம்மாவுக்கு ஆள் தேவைப்பட்டது, நான் சொன்னேன். அவ்வளவுதான். விடைபெறும்போது றெஜினா முகத்தில் பவுடர் இல்லை.

சிறீ மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்று சுதன் செய்தி அனுப்பினான். வண்டி வளவில் நிற்கிறதாம். அவன் வேறிடத்தில் லொறி ஓட்டுகிறானாம். நண்பர் இப்போது கட்டுகிற ஒவ்வொரு வண்டியிலும், உறிஞ்சி மட்டுமே எடுக்கிற மாதிரித் தொட்டி வைக்கிறார்.

சென்னைக்கு வந்து சில வாரங்கள் கழித்து, ஒரு கேரவனின் கட்டிலுக்கடியில் தலையை விட்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பாக்கியம்.

"பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் சுகம்."

சந்தோஷம் என்றேன். கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

"பவுசரிலை நல்ல தண்ணி கொண்டுவந்து தருகினம். அதைத்தான் காய்ச்சிப் பிள்ளையை முழுக வார்க்கிறம். இன்னும் ஒருக்கால் தண்ணியைப் பரிசோதிக்க வேணுமாம்." பிறகு கேட்டார். "நீங்கள் உந்த மருந்தை அறிஞ்ச ஆள். சொல்லுங்கோ, எங்கடை கிணத்துத் தண்ணியிலை பிள்ளையை எப்ப முழுக வார்க்கலாம்?"

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன்.

"ஓம், சரி" என்றார் பாக்கியம். தொலைபேசியை வைக்காமலே யாரையோ கூப்பிட்டு, அடுப்பில் தண்ணீர் கொதித்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னார்.